ரூல்ஸ் மேடமும் இரண்டு பீம்ராவ்களும்

எங்கள் யார்டில் வந்து கார்குழலி என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். ரூல்ஸ் மேடம் என்று கேளுங்கள், டீ கொண்டுவருபவர்கூட மாடி ஜன்னலைக் கை காட்டுவார். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டைத் தாண்டி மணலி பக்கம் திரும்பும் சாலையில் இருக்கிறது யார்டு. துறைமுகத்தில் இறங்கும் கன்டெய்னர்கள், எங்கள் பேச்சில் பெட்டிகள், இங்கே வந்து நிற்கும். சுங்கச் சோதனை முடிந்ததும் டிரெய்லரில் ஏறி ஊர் ஊராகப் போகும். நான் ரவிக்குமார், இரண்டாம் நம்பர் கேட்டில் பதினெட்டு வருடமாக கிளார்க். எனக்கு யாரையும் லேசில் பிடிக்காது, மேலதிகாரிகளை அறவே பிடிக்காது. அப்படிப்பட்ட நான் ஒருத்தியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் விஷயம் இல்லாமல் இருக்காது.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாம் மாடியில் வளர்ந்தவள் அவள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் கூலி வேலை. அம்மா ரமாபாய் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பாட்டில் கழுவப் போனார், அங்கேயே ரத்தம் எடுக்கக் கற்றுக்கொண்டார், கடைசியில் புதிதாக வரும் பெண்களுக்கு அவரே சொல்லிக்கொடுத்தார். மகளுக்கும் அந்தக் குணம் அப்படியே இறங்கியிருந்தது. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்துவிட்டு, பதின்மூன்று வருடத்துக்கு முன் எங்களிடம் டேட்டா என்ட்ரி வேலைக்கு வந்தாள். முதல் நாளே என் ரிஜிஸ்டரை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணே, உன் ஏழும் ஒண்ணும் ஒரே மாரி கீது. ஒயுங்கா எழுதுண்ணே" என்றாள். வந்த அன்றைக்கே வாயைப் பார் என்று எனக்கு எரிச்சல். ஆனாலும் அன்றிலிருந்து ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போட்டுவருகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் கம்பெனி ஒரு புது சாஃப்ட்வேர் வாங்கியது. ரூல் எஞ்ஜின் என்றார்கள். எந்த வண்டி உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று இனிமேல் அதுதான் முடிவு செய்யுமாம். பெங்களூரிலிருந்து இரண்டு பேர் வந்து நான்கு நாள் பாடம் எடுத்தார்கள். எல்லோரும் தலையாட்டினோம், கார்குழலி மட்டும் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர்கள் கிளம்பிப் போனபின் பார்த்தால், அந்தக் கட்டடத்தில் விஷயம் புரிந்த ஒரே ஆள் அவள்தான். வேலையை அவள் தலையில் கட்டினார்கள். சம்பளத்தை மட்டும் ஒரு வருடம் கழித்துத்தான் ஏற்றினார்கள்.

"அது எப்டிம்மா பாக்கும்? அதுக்கு கண்ணா கீது?" என்று நான் கேட்டேன்.

"கண்ணு இல்லண்ணே. அதுங்கிட்ட அட்டைங்க கீது. ஒரு டிரைவருக்கு ஒரு அட்டை, ஒரு வண்டிக்கு ஒரு அட்டை, ஒரு பொட்டிக்கு ஒரு அட்டை. எல்லாத்தையும் ஒரு டேபிள் மேல பரப்பி வச்சிகினு கீது. நான் ஒரு அமைப்பு சொல்லுவேன். இந்த மாரி ஒரு டிரைவர், இந்த மாரி ஒரு வண்டி, ரெண்டுக்கும் இன்ன சம்பந்தம், அப்டி இருந்தா பச்ச, இல்லாங்காட்டி செவப்பு. அது அட்டைங்கள மாத்தி மாத்தி ஜோடி சேத்துப் பாக்கும். பொருந்திச்சின்னா சொன்னத செய்யும். அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்றாள். அவள் எழுதிய முதல் ரூலே எங்கள் மூக்கை உடைத்தது. ஒரே பெட்டி நம்பரை வைத்துக்கொண்டு இரண்டு டிரெய்லர்கள் வந்தால் இரண்டையும் நிறுத்து என்பதுதான் ரூல். நியாயமானதுதான். அன்று காலை எட்டு மணிக்கு அதை ஓடவிட்டாள். எட்டு ஐந்துக்கு வந்த முதல் வண்டிக்குச் சிவப்பு, இரண்டாவதுக்கும் சிவப்பு. ஒன்பது மணிக்கு மாத்தூர் வரை டிரெய்லர் வரிசை நின்றது. காரணம் என்னவென்றால், அந்த எஞ்ஜின் ஒரே வண்டியின் அட்டையை முதல் வண்டியாகவும் எடுத்தது, அதையே இரண்டாவது வண்டியாகவும் எடுத்தது. இரண்டிலும் ஒரே பெட்டி நம்பர் இருக்கிறதே என்று நிறுத்திவிட்டது. தன்னைத் தானே திருடன் என்று பிடித்துக்கொடுத்தது.

வேறொருத்தியாக இருந்தால் மாடியிலேயே பதுங்கியிருப்பாள். இவள் கீழே இறங்கிவந்து, ஹார்ன் அடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் நடுவில் நின்று, "தப்பு எஞ்ஜின் மேல இல்ல, என்னுது. ரெண்டாவது வண்டி மொத வண்டியா இருக்கக் கூடாதுன்னு நான் அதுக்குச் சொல்லல. பத்து நிமிசம் குடுங்க" என்றாள். ஒன்பது நிமிடத்தில் பச்சை வந்தது. அன்றுதான் எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது. தன் தப்பை அத்தனை தைரியமாகச் சொல்கிற ஆள் யார்டில் அவளுக்கு முன் இருந்ததில்லை, நானும் சேர்த்துத்தான்.

அடுத்தது டிரைவர் அட்டைகள். இதுதான் கதைக்கு முக்கியம். எங்கள் பழைய லிஸ்டில் ஒரே டிரைவர் நான்கு தடவை பதிவாகியிருப்பார். லைசென்ஸ் நம்பரை ஒருத்தர் கோடு போட்டு எழுதியிருப்பார், இன்னொருத்தர் இடம்விட்டு எழுதியிருப்பார், மூன்றாமவர் பாதியில் விட்டிருப்பார். நான்கு பதிவுக்கு நான்கு பாஸ். ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு மூன்றைத் தோஸ்துகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்படி இரவல் போன ஒரு பாஸில் உள்ளே வந்தவன் ஒரு பெட்டி செம்புக் கம்பியோடு போய்விட்டான். அதற்கு ஒரு முடிவு கட்டச் சொன்னார்கள்.

கார்குழலி எனக்கு விளக்கியது இன்னும் நினைவிருக்கிறது. கேன்டீனில் எங்கள் இரண்டு எவர்சில்வர் டிபன் பாக்ஸும் பக்கத்தில் இருந்தன, ஒரே கடையில் வாங்கியவை. "இது ரெண்டும் ஒண்ணா, ரெண்டாண்ணே? எஞ்ஜினுக்கு நாமதான் சொல்லணும். அதே பொருளா இருந்தாத்தான் ஒண்ணுன்னு சொன்னா, இது ரெண்டு. ஒரே மாரி இருந்தா ஒண்ணுன்னு சொன்னா, ரெண்டாவது டப்பாவ அது உள்ளயே வுடாது. ஏற்கெனவே கீதுன்னு தூக்கிப் போட்ரும். இத்தினி நாளு மொத மாரி இருந்துச்சு. அதான் ஒரு ஆளு நாலு ஆளானான். நான் ரெண்டாவது மாரி மாத்தப் போறேன்."

எது எது ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று அவள்தான் முடிவு செய்தாள். லைசென்ஸ் நம்பர் பழைய பதிவுகளில் கந்தலாக இருந்ததால் அதை நம்பவில்லை. இனிஷியலோடு பெயர், பிறந்த தேதி, பின்கோடு. இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள். ஆறாயிரம் பதிவு நாலாயிரத்துச் சொச்சமாகக் குறைந்தது. ஒரே டிரைவர் ஒரே நேரத்தில் இரண்டு வண்டியில் உள்ளே இருந்தால் பாஸ் இரவல் என்று பொருள், உடனே சிவப்பு. மூன்று சிவப்பு விழுந்தால் கமிட்டி கூடி பாஸ் கார்டை வெட்டும். வெட்டப்பட்டவர் பெயர் இந்த வட்டாரத்தின் மற்ற யார்டுகளுக்கும் போகும். அதன்பின் அவர் டிரெய்லரை மறந்துவிட வேண்டியதுதான். திருட்டு நின்றது. கார்குழலிக்கு மேடையில் சால்வை போட்டார்கள். நானும் கை தட்டினேன்.

போன ஜூலை, ஒரு செவ்வாய்க்கிழமை. பீம்ராவ் வண்டியோடு என் கேட்டுக்கு வந்தான். நெட்டையானவன், வியாசர்பாடிக்காரன், பதினோரு வருடமாக டிரெய்லர் ஓட்டுகிறான், ஒரு கீறல் கிடையாது. கார்டைத் தேய்த்தான், சிவப்பு விழுந்தது.

"இன்னாண்ணே மறுபடியும்?" என்றான்.

"நீ உள்ள கீறியாம்."

"நான் எங்கண்ணே உள்ள கீறேன்? உன் முன்னால கீறேன்."

"சிஸ்டம் உள்ள கீறேன்னுது. ஓரங்கட்டு."

அது மூன்றாவது சிவப்பு. அச்சாகி மாடிக்குத் தாள் போனது, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கமிட்டி. பீம்ராவ் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நேராக மாடி ஏறினான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறியதைப் பார்த்தேன். அவனுக்குத் தெரிந்தது அந்த ஒரே தொழில்தான். வீட்டில் மனைவி, மூன்றாவது படிக்கிற மகள்.

மேலே நடந்ததை அவள் பிறகு சொன்னாள். அவன் சத்தம் போடவில்லை. "மேடம், நான் யாருக்கும் பாஸ் குடுக்கல. என் பொண்ணு மேல சத்தியம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றானாம். அவள் திரையில் அவன் அட்டையைத் திறந்தாள். எல். பீம்ராவ், பிறந்த தேதி ஒன்று ஆறு தொண்ணூற்றொன்று, பின்கோடு வியாசர்பாடி. பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தாள். அதிலும் ஒன்று ஆறு தொண்ணூற்றொன்று.

அவள் பிறந்தது மார்ச் மாதம். அவள் பள்ளியில் சேர்ந்த வருடம், பிறப்புச் சான்றிதழ் கொண்டுவராத பிள்ளைகளுக்கெல்லாம் ஹெட்மாஸ்டர் ஜூன் ஒன்று என்று எழுதிவிட்டார். வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரே பிறந்த நாள். தொண்ணூற்றொன்று அம்பேத்கர் நூற்றாண்டு வேறு. அந்த வருடம் ஹவுசிங் போர்டில் பிறந்த ஆண் பிள்ளைகளுக்கு வீட்டுக்கு வீடு பீம்ராவ் என்று பெயர் வைத்தார்கள். ஒரு பிளாக்கில் லோகநாதன் மகன் பீம்ராவ், நாலு பிளாக் தள்ளி லோகேஸ்வரன் மகன் பீம்ராவ். இரண்டு பேரும் எல். பீம்ராவ், இரண்டு பேருக்கும் ஜூன் ஒன்று, இரண்டு பேரும் டிரெய்லர் டிரைவர்கள். இது பெங்களூர்க்காரனுக்குத் தெரிய நியாயமில்லை. அந்த வகுப்பிலேயே உட்கார்ந்து படித்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஸ்கூல்ல உன் பக்கத்துல இன்னொரு பீம்ராவ் இருந்தான் இல்ல, கண்ணாடி போட்டுகினு?" என்று கேட்டாளாம்.

"ஆமா மேடம். அவனும் இங்கதான் ஓட்டறான்."

மானேஜர் உதயா சார் அண்ணா நகர்க்காரர், நல்ல மனிதர்தான், ஆனால் வம்பு என்றால் பத்தடி தள்ளி நிற்பார். "ரெண்டு ஆளுன்னா ரெண்டு ரெக்கார்டு இருக்கணுமே, ஒண்ணுதான இருக்கு?" என்றார். இருக்காது. ஒரே மாதிரி இருக்கிறது என்று இரண்டாவது அட்டையை எஞ்ஜின் ஏற்றுக்கொள்ளவே இல்லை. பாஸ் கவுன்டரில் இரண்டாவது பீம்ராவுக்கும் முதல்வனின் நம்பரையே போட்டுக் கார்டு அடித்துக் கொடுத்துவிட்டார்கள், போட்டோ மட்டும் அவனுடையது. அந்தக் கண்ணாடி பீம்ராவ் அதற்குள் பெட்டி ஏற்றிக்கொண்டு ஓசூர் சாலையில் போய்க்கொண்டிருந்தான், சனிக்கிழமைதான் திரும்புவான். போனில் கார்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினான். அது விஷயத்தை இன்னும் கெடுத்தது. லைசென்ஸை அசலாகப் பார்த்தால்தான் ஏற்போம் என்றார்கள், கமிட்டியைச் சனிக்கிழமைக்குத் தள்ளவும் மாட்டோம் என்றார்கள்.

"ஒரே நம்பர், ரெண்டு போட்டோ. பாஸ் இரவல்னா இதுதான கார்குழலி?" என்றார் உதயா சார். பிறகு குரலை இறக்கினார். "அந்த ஆளுக்கு மட்டும் ரூல்ல ஒரு விலக்கு போட்டுடு. கமிட்டி கார்ட வெட்டாம ஆறு மாசம் சஸ்பெண்ட் பண்ணட்டும். திரும்பி வந்தப்புறம் பிரச்சனை இல்லாம ஓட்டிக்கட்டும். உன் ரூல் தப்புன்னு நீயே ஏன் சொல்லிக்கற?"

"ஆறு மாசம் அவன் வூட்ல இன்னா சாப்டுவாங்க சார்? அவன் தப்பே பண்லயே. அவனுக்கு ஒரு ஓட்ட போட்டா, அடுத்த ஆளுக்கு இன்னொரு ஓட்டயா? ரூல் தப்பு. நான் மாத்தறேன், கமிட்டியிலயும் சொல்றேன்" என்றாள். மேலதிகாரியிடம் அவள் ஆபீஸ் தமிழுக்கு மாறியதை நான் பார்த்ததில்லை.

அந்த மூன்று நாளும் அவள் பின்பக்கம் பழைய கன்டெய்னரில் கிடந்த பேப்பர் விண்ணப்பங்களைப் பிரித்துத் தேடினாள். பாஸ் வாங்க வருகிற டிரைவர் கைப்பட நிரப்பித் தரும் தாள்கள் அவை, லைசென்ஸ் நகல் குத்தியிருக்கும். இரண்டு பீம்ராவ்களின் தாளும் கிடைத்தால் போதும். வரிசையில்லாத மூட்டைகள், உள்ளே தகரச் சூடு. வெள்ளிக்கிழமை மதியம்வரை மூட்டைகளில் பாதியைக்கூடத் தாண்டவில்லை.

மூன்று மணிக்குக் கமிட்டி. உதயா சார், பாதுகாப்பு அதிகாரி, தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர். மூன்று சிவப்பும் விழுந்தது உண்மை என்று சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பீம்ராவ் சுவர் ஓரமாக நின்றான், கையில் கார்டு. மேசைமேல் கத்தரிக்கோல் இருந்தது.

கார்குழலி எழுந்து பேசினாள். தன் ரூல் எப்படி ஒப்பிடுகிறது, எங்கே சறுக்கியது, ஜூன் ஒன்று எப்படி வந்தது எல்லாவற்றையும் சொன்னாள். "நான் எழுதனது தப்பு. அந்தத் தப்புக்கு இவரு கார்ட வெட்றது நாயம் இல்ல" என்று முடித்தாள்.

தலைமை அலுவலகத்துக்காரர் யோசித்தார். "நீங்க சொல்றது புரியுது. ஆனா ரெண்டு பேருமே பீம்ராவ்தான், பாஸ் இரவல் இல்லன்றதுக்கு அத்தாட்சி? ஒரே நாள்ல ரெண்டு பேரையும் நேர்ல பாத்தவங்க, தெரிஞ்சவங்க யாராவது உண்டா?"

நான் பார்த்திருந்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்குக் கண்ணாடி பீம்ராவ் என் கேட்டில்தான் உள்ளே போனான், என்னோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனான். எட்டேகாலுக்கு நெட்டை பீம்ராவ் வந்தபோது உள்ளே இருப்பது யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முதல் சிவப்பிலும் தெரியும், இரண்டாவதிலும் தெரியும். இரண்டு முகத்தையும் வருடக்கணக்காகப் பார்த்தவன் நான். திரை சிவப்பு என்றது, ஓரங்கட்டு என்றேன். நமக்கு எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். வாயைத் திறந்தால், தெரிந்தே மூன்று தடவை ஏன் திருப்பி அனுப்பினாய் என்று கேட்பார்கள். பதினெட்டு வருட வேலை.

கார்குழலி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கோபித்துக்கொண்டு சும்மா இருந்திருப்பேனோ என்னவோ. கத்தரிக்கோலைப் பார்த்தேன், எழுந்தேன்.

"நான் பாத்தேன் சார். ரெண்டு பேரையும் பாத்தேன், ரெண்டு பேருமே பீம்ராவ்தான். அவரு உள்ள போனாரு, முக்கா மணி கழிச்சி இவரு வந்தாரு. நான்தான் திருப்பி அனுப்பனேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான் சார்."

எனக்கு மெமோ கொடுத்தார்கள், இன்னும் வைத்திருக்கிறேன். பீம்ராவின் கார்டு வெட்டப்படவில்லை. அன்று சாயங்காலமே கார்குழலி ரூலை மாற்றினாள். லைசென்ஸ் நம்பரிலுள்ள கோடு, இடைவெளி எல்லாவற்றையும் உதறிவிட்டு ஒப்பிடச் சொன்னாள். நம்பர் ஒன்றானால் ஒரே ஆள். பெயரும் தேதியும் ஒத்து நம்பர் மட்டும் வேறாக இருந்தால் எஞ்ஜின் தானாக முடிவெடுக்காது, கேட்டில் இருப்பவரைக் கேட்கும். இவர் அவர்தானா என்று திரையில் வரும். ஆம், இல்லை என்று பார்த்தவர் அழுத்த வேண்டும், அழுத்தியவர் பெயர் பதிவாகும். "இனிமே உன் கண்ணும் ஒரு அட்டைண்ணே" என்றாள். என்னை அதற்குமேல் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் அதோடு விடவில்லை. ஆள் வாங்கிக்கொண்டு மிச்ச மூட்டைகளையும் பிரித்தாள், பத்து நாள் ஆனது. இரண்டு பேரை ஒருவராக்கிய இடம் பதினொன்று கிடைத்தது. அதில் பத்து ஜோடியும் வேலையில் இருந்தார்கள், சிவப்பு விழுந்த நாட்களில் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போனவர்கள். ஒருவரின் கார்டு மட்டும் ஐந்து மாதத்துக்கு முன்பே வெட்டப்பட்டிருந்தது. பெயர் அப்சல், ராயபுரம், இன்னொரு அப்சலோடு ஒன்றாக்கப்பட்டவர். அந்தக் கமிட்டிக்கு கார்குழலி லீவில் இருந்ததால் போகவில்லை. நான் போயிருந்தேன், சிவப்பு விழுந்தது உண்மை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளும் நானும் ராயபுரம் போனோம். நான் வரவில்லை என்றேன், "நீ வரணும்ண்ணே" என்றாள். அப்சல் காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கையெல்லாம் வெளுத்து வெடித்திருந்தது. கார்குழலி நடந்ததை ஆதியோடு அந்தமாகச் சொன்னாள், தப்பு தன்னுடையது என்றாள், புதுக் கார்டைக் கையில் கொடுத்தாள். மற்ற யார்டுகளுக்கும் கடிதம் போய்விட்டது என்றாள்.

அவர் கார்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "நான்தான் இன்னாவோ தப்பு பண்ட்டேன்னு நெனச்சிகினு இருந்தேம்மா. இன்னான்னு தெரியாமலே அஞ்சு மாசமா ரோசன பண்ணிகினு கீறேன். வூட்லயும் நம்பல" என்றார்.

"நீ ஒண்ணும் பண்லண்ணே."

அவர் தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். "நைனா, அந்த அப்சலயும் உனுக்குத் தெரியும், என்னயும் தெரியும். நீ ஏன் அன்னிக்குச் சொல்லல?"

கார்குழலி எனக்காகப் பதில் சொல்வாள் என்று பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவரும் காத்திருந்தார்.